நேரே நடந்து கோணலாய் வெட்டும் காலாள்

சதுரங்கத்தைப் பற்றி யாதொன்றும் அறியாத ஒருவருக்கு அதன் காய்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்து வைக்கும்போது, யானை நேராகப் போகும், மந்திரி கோணலாகப் போகும், குதிரை இடையில் நிற்பவற்றைத் தாண்டிக் குதிக்கும் என்று சொல்லிவருகிற வரையில் அவர் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். காலாளிடம் வந்து, இது நேரே நடக்கும், ஆனால் நேரே வெட்டாது, கோணலாகத்தான் வெட்டும் என்று சொன்ன மாத்திரத்தில், ஏன் என்ற கேள்வி எழுந்தே தீரும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் கொல்லிமலையின் மேற்பரப்பை அடைந்து, அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் கால் வைக்கும் வளப்பூர் நாட்டில், ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தக் கேள்வியை ஒரு சிறுவன் வாயால் நான் கேட்டேன். பாறையில் கரியால் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடிப் பழகியவன் அவன். அந்த ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் உண்டு. புலி தன் எதிரே நிற்கும் ஆட்டைத் தாண்டி அதற்கு அப்பால் உள்ள வெற்றிடத்தில் குதித்தால் ஆடு போயிற்று. தாக்குதல் என்பது எதிரில் இருப்பதைத் தாக்குவது என்பதே அங்கே பாடம். ஆகவே, பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கற்று வந்த செஸ் பலகையில் தன் வெள்ளைச் சிப்பாயும் எதிரியின் கறுப்புச் சிப்பாயும் முகத்தோடு முகம் வைத்து நிற்கக் கண்டு, "எதுத்தாப்புல நிக்கிறவனை வெட்ட முடியாதுன்னா, இவன் என்ன சிப்பாய்ங்க?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு: பழங்காலப் போர்வீரன் முன்புறம் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஈட்டியை நீட்டிக் குத்துவான், அதைத்தான் ஆட்டம் பிரதிபலிக்கிறது என்பார்கள். கேட்கச் சுகமாக இருக்கிறதே தவிர, இந்த விளக்கம் நமக்கு ஒன்றையும் கற்றுத் தருவதில்லை. யானையின் நடையும் மந்திரியின் நடையும் எந்தப் போர்க்களத்தையும் பிரதிபலிப்பவை அல்ல. இந்த விதி எதைச் செய்கிறது, இது இல்லாவிட்டால் ஆட்டம் என்னவாகும் என்று கேட்பதே பயன் தரும் வழி என்பது என் அபிப்பிராயம்.

முதலில் விதியைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். பலகையில் 64 கட்டங்கள். ஆடுபவருக்கு முன்னே நீண்டு செல்லும் எட்டுக் கட்டங்களை நேர்வரிசை என்றும், குறுக்கே செல்பவற்றைக் கிடைவரிசை என்றும் சொல்லலாம். ஒவ்வொரு தரப்பிலும் எட்டுக் காலாட்கள் இரண்டாம் கிடைவரிசையில் நிற்கின்றன. காலாள் தன் நேர்வரிசையில் ஒரு கட்டம் முன்னே வைக்கலாம், அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மட்டும். தன் முதல் நகர்வில், வழி திறந்திருந்தால், இரண்டு கட்டமும் வைக்கலாம். முன்புறத்தில் இடமும் வலமுமாகக் கோணலாக உள்ள இரண்டு கட்டங்களில் எதிரியின் காய் நின்றால் அதை வெட்டி அந்த இடத்தைப் பிடிக்கலாம். பின்னோக்கி ஒருபோதும் வர முடியாது. எட்டாம் கிடைவரிசையை அடைந்துவிட்டால் ராஜாவைத் தவிர, ராணி, யானை, மந்திரி, குதிரை ஆகியவற்றில் ஆடுபவர் விரும்பும் ஒன்றாக அது மாறிவிடும். அதைப் பதவி உயர்வு என்கிறோம்.

மற்ற எல்லாக் காய்களுக்கும் நடையும் வெட்டும் ஒன்றே. யானை எந்தக் கட்டத்துக்குப் போக முடியுமோ அந்தக் கட்டத்தில் நிற்பதை வெட்ட முடியும். எதிரியின் காய் அதன் பாதைக்குத் தடையாகவும் இருக்கிறது, இரையாகவும் இருக்கிறது. காலாள் ஒன்றில் மட்டும் இவ்விரண்டும் பிரிந்து நிற்கின்றன. அது எங்கே போகலாமோ அங்கே தாக்க முடியாது; எங்கே தாக்கலாமோ அங்கே வெறுமனே போக முடியாது. இந்தப் பிரிவினையின் முதல் பலனைத்தான் அந்தச் சிறுவன் கண்டு வெகுண்டான்: ஒரே நேர்வரிசையில் எதிரெதிரே வந்து முட்டிய இரண்டு காலாட்கள் ஒன்றையொன்று கொல்லவும் முடியாமல், விலகவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் நின்றுவிடுகின்றன. அதாவது, ஆட்டத்தில் ஒரு பூட்டு விழுகிறது.

பூட்டு விழாத ஆட்டங்கள் எப்படி இருக்கும் என்பதை அறியக் கற்பனை வேண்டியதில்லை. சீனத்துச் சதுரங்கத்தில் சிப்பாய் நேரே நடந்து நேரேயே வெட்டும். பலகையின் நடுவே ஓடும் ஆற்றைக் கடந்தபின் பக்கவாட்டிலும் நடந்து வெட்டும். ஜப்பானியரின் ஷோகியிலும் ஒன்பது சிப்பாய்களும் எதிரே நிற்பவனையே வெட்டுகின்றன. இவை இரண்டும் ஆழமான ஆட்டங்கள். அவற்றைக் குறைத்துச் சொல்வதற்கு இல்லை. ஆனால் அந்தப் பலகைகளில் இரண்டு சிப்பாய்கள் நேருக்கு நேர் வந்து தொட்டுவிட்டால், அடுத்த நகர்வு யாருடையதோ அவர் மற்றதை எடுத்துவிடலாம். ஆகவே பல நகர்வுகளுக்கு அசையாமல் நின்று, ஆட்டத்தின் நிலப்பரப்பையே நிர்ணயிக்கும் சிப்பாய் வரிசைகள் அங்கே உருவாவதில்லை. நம் சதுரங்கத்திலோ மேடு எது, பள்ளம் எது, எந்த வழி அடைபட்டது, எந்த வழி திறந்தது என்பதையெல்லாம் காலாட்களே தீர்மானிக்கின்றன. யானையும் மந்திரியும் எவ்வளவு பராக்கிரமம் உள்ளவையானாலும் அந்த நிலத்தின்மீது நடமாடுகிறவைதாம்.

இரண்டாவது பலன் இதைவிட நுட்பமானது. காலாள் கோணலாக வெட்டுவதால், ஒன்றுக்குப் பின்னே கோணலாக நிற்கும் மற்றொன்று அதற்குக் காவலாகிறது. முன்னதை எதிரி வெட்டினால் பின்னது அந்த எதிரியை வெட்டும். மூன்று நான்கு காலாட்கள் இவ்வாறு கோணலாக அடுத்தடுத்து நின்றால் அது காலாள் சங்கிலி. கொல்லிமலைச் சரிவுகளில் படிப்படியாக வெட்டிய வயல்களைத் தாங்கி நிற்கும் கல் கட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் உடனே விளங்கும். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. மேலே உள்ள ஒவ்வொரு கல்லும் கீழே உள்ள கற்களின் இணைப்பின்மீது உட்கார்ந்திருக்கிறது. மேற்கல்லை அசைத்துப் பார்ப்பவனுக்கு ஒன்றும் ஆகாது, அடிக்கல்லைப் பெயர்த்தால் கட்டு முழுதும் சரியும். காலாள் சங்கிலியிலும் முன்னே நிற்கும் தலைக் காலாளுக்குக் காவல் உண்டு. அதன் பின்னதற்கும் காவல் உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்கும் அடிக் காலாளுக்கு மட்டும் காலாள் காவல் இல்லை. ஆகையால் அடியைத் தாக்கு என்று நிம்சோவிச் என்னும் ஆட்டக்காரர் 1925இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் விரிவாக உபதேசித்தார். அவருக்கு ஏறக்குறைய 175 ஆண்டுகளுக்கு முன், 1749இல், பிரான்ஸ் தேசத்துப் பிலிடோர் எழுதிய நூலோ காலாட்களின் அமைப்பையே ஆட்டத்தின் ஜீவனாகக் கொண்டது. பெரிய காய்களின் சாகசத்தில் மயங்கிக் கிடந்த காலத்தில், எட்டு எளிய காய்களின் நிற்கும் விதத்தில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது என்று காட்டிய அந்தப் பெருமகனை நான் மிகவும் மதிக்கிறேன். இத்தனைக்கும் அவருடைய முதன்மைத் தொழில் சங்கீதம். மேடை நாடகங்களுக்கு இசை அமைத்தவர்.

கல் கட்டு சரிந்தால் உழவன் மீண்டும் அடுக்கிக்கொள்வான். காலாள் சங்கிலிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஒரு காலாள் ஓர் அடி முன்னே வைக்கும்போது, அதுவரை தன் காவலில் இருந்த இரண்டு கோணல் கட்டங்களை என்றென்றைக்குமாகக் கைவிடுகிறது. அந்தக் கட்டங்களைக் காக்க வேறு காலாளும் இல்லையென்றால் அவை எதிரியின் குதிரைக்கு நிரந்தர வாசஸ்தலம் ஆகிவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் ராணியை நகர்த்துவதற்குச் செலவிடும் சிந்தனையைவிடக் காலாளை நகர்த்துவதற்கு அதிகச் சிந்தனை செலவிடுவதன் காரணம் இதுவே.

இந்த விசித்திரமான நடை எவ்வளவு பழமையானது, அதை நாம் எப்படி அறிகிறோம்? ரதம், கஜம், துரகம், பதாதி என்னும் நால்வகைப் படையின் பெயரையே இந்த ஆட்டம் தாங்கியிருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவையில் இருந்த பாணபட்டர் எட்டுக்கு எட்டுப் பலகையையும் சதுரங்கத்தையும் சேர்த்துக் குறிப்பிடுகிறார். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் செய்த மானசோல்லாசம் அரசர்களின் பொழுதுபோக்குகளில் ஒன்றாக இதையும் வர்ணிக்கிறது. தமிழ்நாட்டில் நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில், சதுரங்கம் ஆடி ராஜகுமாரியை வென்ற கதையோடு சதுரங்க வல்லபநாதர் என்ற திருநாமத்தில் சிவபெருமான் எழுந்தருளியிருக்கிறார். ஆயினும் காலாளின் நடையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் உறுதியான சாட்சியம் பெரும்பாலும் ஆட்டம் குடியேறிய தேசங்களிலிருந்து வருவது. மேற்கே பாரசீகத்தின் வழியாக அரபு நாடுகளுக்குச் சென்ற ஆட்டத்தில் காலாள் ஓர் அடி நேரே நடந்து கோணலாய் வெட்டியது. கிழக்கே சயாமின் மக்ருக் ஆட்டத்தில் இன்றைக்கும் காலாள் அவ்வாறே நடக்கிறது, அவ்வாறே வெட்டுகிறது. பர்மாவின் பழைய ஆட்டத்திலும் வெட்டு கோணல்தான். ஒன்றோடொன்று தொடர்பின்றி எதிர்த்திசைகளில் பிரிந்து சென்ற ஆட்டங்களில் இத்தனை விநோதமான ஒரு விதி ஒரே மாதிரியாகக் காணப்படுமானால், அவை தனித்தனியே அதைக் கண்டுபிடித்தன என்பதைவிட, பிரிவதற்கு முன்பே, அதாவது இந்தியாவிலேயே, அது இருந்தது என்று கொள்வதே பொருத்தம். எழுத்துச் சான்று குறைவான இடத்தில் இப்படி ஒப்பிட்டு அறிவது விஞ்ஞானிகளும் கையாளும் முறை.

அந்தப் பழைய காலாளுக்கு இரண்டடி வைக்கும் உரிமை இல்லை. அதை அளித்தது மத்திய கால ஐரோப்பா. படைகள் ஒன்றையொன்று தொடுவதற்குள் பொழுது போய்விடுகிறது என்ற பொறுமையின்மையால் முதல் நகர்வை நீட்டினார்கள். நீட்டியதும் ஒரு சங்கடம் முளைத்தது. ஓரடி வைத்தால் எதிரிக் காலாளின் கோணல் வெட்டுக்கு இரையாகக்கூடிய இடத்தை, இரண்டடி வைத்து ஒரு காலாள் தாண்டிப் போய்விட முடிந்தது. காவல் காத்து நின்றவனின் உரிமை பறிபோகாமல் இருக்க, அவ்வாறு தாண்டிய காலாளை உடனடியாக அடுத்த நகர்விலேயே, அது ஓரடிதான் வைத்தது போலப் பாவித்து வெட்டலாம் என்று மற்றொரு விதி சேர்ந்தது. அதற்கு ஆன் பாஸான் என்ற பிரெஞ்சுப் பெயரே நம் பிள்ளைகளிடமும் வழங்குகிறது. புதிதாகக் கற்பவர்களைத் திகைக்க வைக்கும் இந்த விதி, ஒரு பழைய நியாயத்தைப் புதிய சட்டம் கெடுத்துவிடாமல் காப்பதற்காக வந்தது என்று அறிந்தால் திகைப்பு நீங்கும். இத்தாலியர் இந்த விதியை 1880 வரையில் ஒப்புக்கொள்ளவே இல்லை.

நம் நாட்டிலோ ஓரடிக் காலாளே நெடுங்காலம் நீடித்தது. பதவி உயர்விலும் நம்மவர் ஐரோப்பியரைப் போலத் தாராளம் காட்டவில்லை. பல இடங்களில், காலாள் எந்த நேர்வரிசையின் முடிவை அடைகிறதோ அந்த வரிசைக்கு உரிய காயாகவே மாறியது, குதிரை வரிசையில் சென்றது குதிரையாக, யானை வரிசையில் சென்றது யானையாக. இந்த மரபில் வளர்ந்த மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளியும், கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய விதிகளின்படி நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். நடுப்பலகையில் இரண்டு காலாட்களை வேகமாகக் கொண்டுவந்து நிறுத்துவதே முறை என்று ஐரோப்பியர் நம்பியிருந்த அந்நாளில், பானர்ஜி காலாட்களை ஓரடி ஓரடியாக வைத்து, மந்திரியை மூலையிலிருந்து நீண்ட கோணலில் நோக்கச் செய்து, எதிரியின் காலாட்கள் நடுவில் பரவட்டும், பிறகு தாக்கலாம் என்று காத்திருந்தார். ஓரடிக் காலாளோடு வாழ்ந்தவருக்கு அது இயற்கையான பழக்கம். இன்று உலகெங்கும் இந்தியத் தற்காப்பு என்ற பொதுப்பெயரில் வழங்கும் தொடக்க முறைகள் அந்தக் கல்கத்தா ஆட்டங்களிலிருந்து பெயர் பெற்றவை. அவற்றுள் ஒன்றாகிய குரூன்ஃபெல்ட் தற்காப்பை அதன் பெயருக்கு உரியவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1855இல், பானர்ஜி ஆடிய பதிவு இருக்கிறது.

இந்திய விதிகளிலிருந்து சர்வதேச விதிகளுக்கு நம்மவரை அழைத்துச் சென்றவர்களில் முதன்மையானவர் தமிழ்நாட்டின் மானுவல் ஆரோன். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன அவர், 1972இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் தொடங்கிய டால் சதுரங்கக் கழகத்தில்தான் பின்னர் சிறுவன் விசுவநாதன் ஆனந்த் ஆடிப் பழகினார்.

இனி, காலாளின் மற்றொரு தன்மையாகிய திரும்பாமைக்கு வருகிறேன். இதன் சூட்சுமம் விளங்குவதற்குப் பலகையை எல்லாம் காலி செய்துவிட்டு மூன்று காய்களை மட்டும் வைத்துக்கொள்வோம். ராணி வரிசையில் வெள்ளைக் காலாள் நான்காம் கிடைவரிசையில் நிற்கிறது. அதற்கு நேர் முன்னே ஐந்தாம் கிடைவரிசையில் வெள்ளை ராஜா. அதே நேர்வரிசையில், ஒரு கட்டம் இடைவிட்டு, ஏழாம் கிடைவரிசையில் கறுப்பு ராஜா. இரண்டு ராஜாக்களும் அடுத்தடுத்த கட்டங்களில் நிற்கக் கூடாது என்பது விதியாதலால், இடையிலுள்ள கட்டங்களில் எவரும் கால் வைக்க முடியாது. இப்போது கறுப்பின் முறை என்று வைத்துக்கொண்டால், அந்த ராஜா இடமோ வலமோ ஒதுங்கியோ பின்வாங்கியோ ஆகவேண்டும். உடனே வெள்ளை ராஜா மறுபக்கமாக முன்னேறி வழியைத் திறந்து, காலாளைக் கடைசி வரிசைக்குக் கொண்டு சேர்த்துவிடும். வெள்ளைக்கு வெற்றி. அதே நிலையில் வெள்ளையின் முறை என்று வைத்துக்கொண்டால், வெள்ளை ராஜா ஒதுங்கும்போதெல்லாம் கறுப்பு ராஜா அதே பக்கம் ஒதுங்கி மீண்டும் எதிரே நின்றுகொள்ளும், ஆட்டம் சமநிலை. காய்கள் அவையே, இடங்கள் அவையே. யாருடைய முறை என்பது ஒன்றுதான் வேறு. இதை எதிர்நிலை என்று சொல்லலாம். நகரவேண்டியவரே நஷ்டப்படுகிற இந்த அவஸ்தைதான் கட்டாய நகர்வு.

இதில் காலாளை மட்டும் ஓரடி பின்னே, மூன்றாம் கிடைவரிசையில் வைத்துப் பாருங்கள். இப்போது வெள்ளையின் முறையாக இருந்தாலும் கவலை இல்லை: ராஜாவை அசைக்காமல் காலாளை ஓரடி வைத்தால் போதும், முறை கறுப்புக்குப் போய்விடும், வெற்றியும் கைக்கு வந்துவிடும். கையிருப்பில் இருந்த ஒற்றை அடி ஆட்டத்தையே வென்று கொடுத்தது, கொடுத்ததும் தீர்ந்துபோயிற்று. காலாள் பின்வாங்க முடியுமானால் என்ன ஆகும்? நான்காம் வரிசையில் நின்ற முதல் நிலையிலும் வெள்ளை தன் காலாளை ஓரடி பின்வைத்து முறையை எதிரிக்குத் தள்ளிவிடலாம்; கறுப்பு ராஜா எவ்வளவு சாமர்த்தியமாக எதிரே நின்றாலும் அந்தக் காவலுக்கு அர்த்தம் இராது. ஆட்ட முடிவுகளைப் பற்றி நூற்றாண்டுகளாகத் திரண்ட ஞானத்தின் பெரும்பகுதி, இந்த ஒரு விதியை மாற்றினால் ஆதாரமற்றுப் போகும். முதல் நகர்வில் ஓரடியோ இரண்டடியோ வைக்கலாம் என்ற ஐரோப்பிய உரிமையும் இங்கேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது: அசையாமல் வீட்டிலேயே நிற்கும் காலாளை வைத்திருப்பவர், நான்காம் வரிசையை ஒரு நகர்விலோ இரண்டு நகர்விலோ அடையும் சுதந்திரத்தால், முறையைத் தமக்கு வேண்டியபடி ஒற்றையாகவோ இரட்டையாகவோ திருப்பிக்கொள்கிறார். நம் பாட்டனார்களின் ஓரடிக் காலாளுக்கு அந்தத் தேர்வு இல்லை.

12 டிசம்பர் 2024 அன்று சிங்கப்பூரில் சென்னையின் குகேஷ், 18 வயதில், உலகச் சாம்பியன் ஆனது இத்தகைய ஒரு முடிவின் வாசலில்தான். பதினான்காவதும் இறுதியானதுமான ஆட்டம். அதுவரை இருவரும் சம புள்ளிகள். குகேஷிடம் ஒரு காலாள் கூடுதல். ஆனால் இரு பக்கமும் யானையும் மந்திரியும் எஞ்சியிருந்தவரை அது வெற்றிக்குப் போதாது என்றே பார்த்தவர்கள் எண்ணினார்கள். 55ஆவது நகர்வில் எதிராளி டிங் லிரென் யானையை வைத்த இடம் யானைகளை வெட்டிக்கொள்ள இடம் கொடுத்தது. மூலையில் சிக்கியிருந்த அவருடைய மந்திரியும் அடுத்து வெட்டுப்படுவதைத் தவிர்க்க முடியவில்லை. பலகையில் ராஜாக்களும் காலாட்களும் மட்டுமே மிஞ்சியவுடன், அதுவரை சிறியதாகத் தோன்றிய ஒரு காலாளின் மிகுதி தீர்ப்பாகிவிட்டது; 58ஆவது நகர்வோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஒரு காலாள் கூடுதல் என்பதன் மதிப்பு பெரிய காய்கள் அகல அகல வளர்கிறது என்பதற்கு இதைவிடப் பிரசித்தமான உதாரணம் இல்லை.

ராஜாவும் காலாளும் ஒரு பக்கம், தனி ராஜா மறுபக்கம் என்ற முடிவுகளில் எது வெற்றி, எது சமநிலை என்பதை இன்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் அறிவோம். காலாள் நிற்கக்கூடிய கட்டங்கள் 48. பலகையின் இடப்பாதி வலப்பாதியின் பிரதிபிம்பமாதலால் 24ஐ ஆராய்ந்தால் போதும். இரண்டு ராஜாக்களுக்கும் தலைக்கு 64 இடங்கள். முறை வெள்ளைக்கோ கறுப்புக்கோ. பெருக்கினால் 1,96,608 நிலைகள்; இவற்றில் விதிக்கு முரணானவையும் அடங்கும். முடிவிலிருந்து பின்னோக்கிச் செல்வதே இதில் கையாளும் உபாயம். காலாள் பதவி உயர்வு பெற்றுப் பத்திரமாக நிற்கும் நிலைகளை வெற்றி என்று குறித்துக்கொண்டு, அவற்றுக்கு ஒரு நகர்வு முன்னிருந்த நிலைகள் எவை, அவற்றுக்கும் முன்னிருந்தவை எவை என்று படிப்படியாகப் பின்வாங்கிக் குறித்துக்கொண்டே போனால், குறிபடாமல் மிஞ்சுவன எல்லாம் சமநிலை. காலாள் பின்னே திரும்பாது என்பதால் இந்த வேலை வரிசை வரிசையாகப் பிரிந்துகொள்கிறது: ஏழாம் கிடைவரிசையை முடித்தால் ஆறாம் வரிசைக்கு விடை கிடைக்கும், ஆறை முடித்தால் ஐந்துக்கு. விடை முழுவதும் கணிப்பொறியின் 24 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. இதே முறையை விரித்து, 2012இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமொனோசோவ் கணிப்பொறியில், ராஜாக்கள் உட்பட ஏழு காய்கள் கொண்ட முடிவுகள் வரை கணித்துவிட்டார்கள்.

விதியை மாற்றிப் பார்ப்பதும் இப்போது வெறும் யூகமாக இல்லை. 2020இல் டீப்மைண்ட் நிறுவனத்தாரும் முன்னாள் உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக்கும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், விதிகளை மட்டும் அறிந்துகொண்டு தனக்குத்தானே ஆடிக் கற்கும் ஆல்ஃபாசீரோ என்னும் இயந்திரத்திடம் மாற்றிய சதுரங்கங்களைக் கொடுத்தார்கள். காலாள் எந்த இடத்திலிருந்தும் இரண்டடி வைக்கலாம் என்பது ஒன்று. ஓரடி பின்வரலாம் என்பது ஒன்று. பக்கவாட்டில் நகரலாம் என்பது ஒன்று. முதல் நகர்விலும் ஓரடியே என்பது, அதாவது நம் பழைய விதி, மற்றொன்று. கற்பவன் ஒருவனே, மாறியது விதி மட்டுமே என்பதால், விளைந்த வித்தியாசத்தை விதியின்மேல் ஏற்றுவது செல்லும். எங்கிருந்தும் இரண்டடி வைக்கும் காலாள் வந்ததும் ஆட்டம் உக்கிரமடைந்து, சமநிலைகள் குறைந்தன. காலாளின் நடையை இத்தனை விதமாக மாற்றிப் பார்த்தவர்கள் அதன் வெட்டும் திசையைத் தொடவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

நடையும் வெட்டும் வேறாக இருப்பதும், திரும்பிவர முடியாததும் ஆகிய இரண்டு தன்மைகளும் சேர்ந்து வேலை செய்யும் ஓர் இடத்தைச் சொல்லவேண்டும். ஒரு சதுரங்க ஆட்டம் அதிகபட்சம் எவ்வளவு நீளும்? குதிரையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தால் ஆட்டத்துக்கு எல்லையே இராது. ஆகவே, காலாள் எதுவும் நகராமலும் காய் எதுவும் வெட்டுப்படாமலும் இரு தரப்புக்கும் தலைக்கு 50 நகர்வுகள் கழிந்தால் ஒருவர் சமநிலை கோரலாம் என்றும், 75 கழிந்தால் கோராமலே ஆட்டம் முடியும் என்றும் சர்வதேச விதி சொல்கிறது. இந்த எண்ணிக்கையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவைக்கும் திரும்பாச் செயல்கள் இவ்விரண்டுதாம். இவை எத்தனை முறை நிகழ முடியும் என்று எண்ணினால் ஆட்டத்தின் எல்லை தெரிந்துவிடும். ஒரு காலாள் ஓரடி ஓரடியாக வைத்தால் பதவி உயர்வுக்கு 6 அடிகள். 16 காலாட்களுக்கு 96. ராஜாக்கள் போக மீதி 30 காய்களும் வெட்டுப்படலாம். கூட்டினால் 126.

ஆனால் இங்கேதான் பூட்டு குறுக்கிடுகிறது. ஒரே நேர்வரிசையில் எதிரெதிராகப் புறப்பட்ட வெள்ளைக் காலாளும் கறுப்புக் காலாளும் ஒன்றையொன்று தாண்டி மறுகரை சேரவேண்டுமானால், யாராவது ஒருவர் எதையாவது கோணலாக வெட்டிப் பக்கத்து வரிசைக்குப் போகத்தான் வேண்டும். மிகச் சிக்கனமாக இதைச் செய்யும் வழி இது: இடப்புற முதல் வரிசையின் வெள்ளைக் காலாள் ஒரு காயை வெட்டி இரண்டாம் வரிசைக்கு வருகிறது, இரண்டாம் வரிசையின் கறுப்புக் காலாள் ஒரு காயை வெட்டி முதல் வரிசைக்குப் போகிறது. இப்போது முதல் வரிசை முழுதும் கறுப்புக்கு, இரண்டாம் வரிசை முழுதும் வெள்ளைக்கு. இரண்டு வெட்டில் நான்கு காலாட்களுக்கும் வழி திறந்துவிட்டது. எட்டு வரிசைகளும் இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஆக 8 வெட்டு. அந்த எட்டும் ஒரே சமயத்தில் காலாள் நகர்வாகவும் வெட்டாகவும் இருப்பதால் இருமுறை எண்ணப்பட்டவை, கழித்தால் 118. ஒவ்வொன்றுக்கும் 75 நகர்வு என்று கொண்டால் 8,850. திரும்பாச் செயலைச் செய்யும் பொறுப்பு ஒரு தரப்பிலிருந்து மறு தரப்புக்கு மூன்று முறை மாறவேண்டியிருப்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நகர்வு வீதம் ஒன்றரை நகர்வு குறைந்து, 8,848½ நகர்வோடு எந்த ஆட்டமும் முடிந்தே ஆகவேண்டும்.